முதல் முறிவே முன்னறிவிப்பு

“வயதாகிவிட்டது, விழுந்தால் எலும்பு முறியத்தான் செய்யும்.” எலும்பு முறிவுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் இவ்வாக்கியம் ஒலிக்காத நாளே இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த அன்னைக்கு மகன் இதை ஆறுதலாகச் சொல்கிறார். நலம் விசாரிக்க வந்த உறவினரும் இதையே வழிமொழிகிறார். மாவுக்கட்டுப் போட்டு, ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து அதைப் பிரித்து, கை ஓரளவு அசையத் தொடங்கியதும் அனைவரும் அந்நிகழ்வை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆறுதல்மொழி அன்பில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பிழையானது. பல குடும்பங்களைப் பின்னாளில் பெருந்துயரில் ஆழ்த்துவது. நின்ற நிலையிலிருந்து தரையில் விழும் அளவிலான சிறு வீழ்ச்சியை நலமான எலும்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்காமல் முறிந்ததெனில், அந்த எலும்பு முன்பே வலுவிழந்திருக்கக்கூடும் என்று நாம் ஐயுற வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குச் சிறு வீழ்ச்சியால் நேரும் முதல் முறிவை ஒரு நோயின் அறிகுறியாகக் கொண்டு ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. முறிந்த இடத்தைச் சீர்செய்வது சிகிச்சையின் முற்பாதி. ஏன் முறிந்தது எனக் கண்டறிந்து அதற்கு மருத்துவம் செய்வது பிற்பாதி. அந்தப் பிற்பாதி பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

எலும்பு ஓர் உயிருள்ள உறுப்பு

எலும்பை நாம் வீட்டின் தூணாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். பள்ளி ஆய்வகத்தில் தொங்கிய எலும்புக்கூடு அந்த எண்ணத்தை மேலும் உறுதியாக்கியது. ஆனால் உலர்ந்து வெளுத்த அந்த எலும்புக்கும் நம் உடலினுள் இருக்கும் எலும்புக்கும், பட்ட மரத்துக்கும் பச்சை மரத்துக்கும் உள்ள வேறுபாடு உண்டு. உயிருள்ள எலும்பில் இரத்தம் ஓடுகிறது, நரம்புகள் உள்ளன, எண்ணற்ற செல்கள் ஓயாது பணிபுரிகின்றன. முறிந்த எலும்பு மீண்டும் கூடுவதற்கு இந்த உயிர்த்தன்மையே காரணம். மாவுக்கட்டும் உலோகத் தகடும் எலும்பை அசையாமல் நேராகப் பிடித்து நிறுத்துகின்றன; கூடும் வேலையை எலும்பே செய்துகொள்கிறது.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் அவை. எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நாரும் நீரும் ஆகும். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். கனிமம் கரைந்துபோய் எலும்பு ரப்பரைப் போல வளையும். மற்றோர் எலும்பை நன்கு சுட்டெரித்தால் நார் அழிந்துவிடும்; வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் விரல் பட்டதும் பொடியாகும். கனிமம் கடினத்தைத் தருகிறது. நார் நொறுங்காத தன்மையைத் தருகிறது. இரண்டும் இணைந்தால்தான் வலிமை. கான்கிரீட்டும் உள்ளே செல்லும் கம்பியும் சேர்ந்து கட்டடத்தைத் தாங்குவதைப் போன்றது இது. முதியவர்களுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கித் தருவதோடு நில்லாமல் பருப்பு, முட்டை, பால், மீன் போன்ற புரத உணவையும் போதிய அளவில் தர வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். கஞ்சியும் ரசஞ்சோறுமாகவே நாளை ஓட்டும் முதியவரின் எலும்புக்கு நாரும் கிடைப்பதில்லை. அவரைத் தாங்கும் தசைக்கு வலுவும் கிடைப்பதில்லை.

எலும்பின் வெளிப்புறம் இறுகிய ஓடு. நீண்ட எலும்புகளின் முனைகளிலும் முதுகெலும்புக் கட்டைகளிலும் அந்த ஓட்டினுள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல் உள்ளது. அது தாறுமாறான பின்னல் அன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1866-ஆம் ஆண்டில் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் வான் மேயர், தொடை எலும்பின் மேல்முனையில் இந்தப் பின்னல் அமைந்துள்ள விதத்தை எடுத்துக்காட்டினார். அதைக் கண்ட பொறியாளர் கார்ல் குல்மன், வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் பளுவின் விசை செல்லும் கோடுகளை அது ஒத்திருப்பதை உணர்ந்தார். எங்கெங்கே பளு செல்கிறதோ அங்கங்கே எலும்பு தன் விட்டங்களை அமைத்துக்கொண்டிருந்தது. தன்மீது விழும் பளுவுக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்னும் கோட்பாட்டை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் நூலாகவே வெளியிட்டார்.

இதற்கு இன்றும் சான்றுகள் உள்ளன. இளமை முதல் டென்னிஸ் ஆடுபவரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறுகை எலும்பைவிடத் தடித்திருக்கும். பளுவே இல்லாத விண்வெளியில் தங்கும் வீரர்கள், தக்க உடற்பயிற்சி இல்லையெனில் மாதந்தோறும் இடுப்பெலும்பின் அடர்த்தியில் 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழக்கிறார்கள். பயன்படுத்தப்படும் எலும்பு வளர்கிறது. பயன்படுத்தப்படாத எலும்பு கரைகிறது. இவ்வுண்மை நோயாளியின் படுக்கையருகே எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னர் காண்போம்.

வளர்வதும் புதுப்பிக்கப்படுவதும்

பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 300 எலும்புப் பகுதிகள் உள்ளன. பல பகுதிகள் வளர வளர ஒன்றோடொன்று இணைந்து, முழு வளர்ச்சியில் 206 எலும்புகள் ஆகின்றன. கருவில் பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிப் பின்னர் எலும்பாக மாறுகின்றன. கை, கால்களின் நீண்ட எலும்புகளது முனைகளுக்கு அருகே வளர்தட்டு என்னும் மெல்லிய குருத்துப் படலம் இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். பெண்களுக்குப் பெரும்பாலும் பதினைந்து வயதையொட்டியும், ஆண்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதையொட்டியும் இத்தட்டுகள் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. அதன்பின் உயரம் கூடாது. ஆனால் எலும்பின் அடர்த்தி இருபதுகளின் இறுதிவரை சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டிருக்கும். அப்போது எட்டும் உச்ச அளவே வாழ்நாள் முழுமைக்குமான முதலீடு.

உச்சத்தை எட்டிய பின்னும் எலும்பு ஓய்வதில்லை. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைச் சிறு சிறு குழிகளாக அரித்து எடுக்கின்றன. மற்றொரு வகைச் செல்கள் அக்குழிகளில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. அரிப்பதற்குச் சில வாரங்களே போதும். நிரப்புவதற்குச் சில மாதங்கள் வேண்டும். எலும்பினுள்ளே புதைந்திருக்கும் மூன்றாம் வகைச் செல்கள், எந்த இடத்தில் பளு மிகுந்தது, எந்த இடம் பழுதுபட்டது என உணர்ந்து பணியை ஏவுகின்றன. இவ்வாறு முதிர்ந்த உடலில் ஆண்டுதோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதுப்பிக்கப்படுகிறது.

நம்மைத் தாங்குவதும், மூளை, இதயம் போன்ற உறுப்புகளைக் காப்பதும், தசைகளுக்கு நெம்புகோலாக நின்று உடலை இயக்குவதும், மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்குவதும் எலும்பின் பணிகள். இவற்றோடு அது ஒரு கருவூலமும் ஆகும். உடலில் உள்ள ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பற்களிலும் சேமிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய ஒரு விழுக்காட்டைக் கொண்டே இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது. அந்த ஒரு விழுக்காடு குறைவதை உடல் பொறுத்துக்கொள்ளாது. உணவில் கால்சியம் போதாவிடில், பாராதைராய்டு சுரப்பியின் ஆணைப்படி எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குத் தருகிறது. “இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது, ஆகவே எலும்பு நன்றாக இருக்கிறது” என்று பலர் எண்ணுகிறார்கள். கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என முடிவுசெய்வதைப் போன்றது அது.

ஓசையின்றி வரும் நோய்

கட்டுவதைவிட அரிப்பது மிகும்போது எலும்பு உள்ளுக்குள் புரையோடுகிறது. வலைப்பின்னலின் விட்டங்கள் மெலிந்து, சில அறுபட்டுப் போகின்றன. இதுவே எலும்புப்புரை நோய். மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். மக்கள் வழக்கில் ‘எலும்புத் தேய்மானம்’ என்னும் ஒரே சொல் இதற்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் பயன்படுவதால் பெருங்குழப்பம் நேர்கிறது. மூட்டுத் தேய்மானம் மூட்டிலுள்ள குருத்தெலும்பைப் பற்றியது, அது வலிக்கும். எலும்புப்புரையோ முறிவு ஏற்படும் வரை வலிப்பதில்லை. முழங்கால் வலிக்காக மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், “என் தேய்மானத்துக்குத்தான் மருந்து உண்கிறேனே” என நம்பியிருக்க, அவருடைய இடுப்பெலும்பு எவர் கவனத்துக்கும் வராமல் மெலிந்துகொண்டிருக்கலாம்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் முதல் சில ஆண்டுகளில் எலும்பிழப்பு மிக விரைவாக நிகழ்கிறது. ஆண்களுக்கு இந்நோய் சற்றுப் பிந்தி வரும், வராது என்பதில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரைகள், குறிப்பாக மருத்துவரின் சீட்டின்றித் தாமே வாங்கி உண்பவை, எலும்பை விரைந்து மெலியச் செய்யும். தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிகளின் மிகைச் சுரப்பு, சிறுநீரக நோய், புகைபிடித்தல், மிகுந்த மதுப்பழக்கம், மிகக் குறைந்த உடல் எடை ஆகியனவும் காரணங்களாகலாம். அரிதாக, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோயே முதலில் முறிவாக வெளிப்படுவதும் உண்டு. “வயதாகிவிட்டது” என்னும் ஒரு சொல்லில் இத்தனை காரணங்களையும் நாம் மூடிவிடுகிறோம்.

முறிவு தனித்து வருவதில்லை

எலும்புப்புரையால் நேரும் முறிவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிகிறது. அடுத்து முதுகெலும்புக் கட்டைகள் நசுங்குகின்றன. வாளியைத் தூக்கியதற்கும் குனிந்து பெருக்கியதற்கும்கூட இது நேரலாம். இவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முறிவுகள் மருத்துவரிடம் வந்து சேர்வதே இல்லை. முதுகுவலி என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். பாட்டியின் உயரம் குறைவதையும் கூன் விழுவதையும் மூப்பின் இயல்பென்று ஏற்றுக்கொள்கிறோம். இளமையில் இருந்ததைவிட உயரம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நலம்.

வரிசையின் கடைசியில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், வருவது இடுப்பு முறிவு. தொடை எலும்பின் மேல்முனை முறிவதையே அவ்வாறு அழைக்கிறோம். பல நாடுகளின் மருத்துவக் கணக்குகளின்படி, இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐவரில் ஒருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். பிழைத்தவர்களுள் பலர் பழையபடி தனித்து நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை. ஒருமுறை சிறு வீழ்ச்சியால் எலும்பு முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த ஆபத்து மிக அதிகம். அதாவது, மணிக்கட்டு முறிவுக்கும் இடுப்பு முறிவுக்கும் இடையே நமக்குப் பெரும்பாலும் கால அவகாசம் வாய்க்கிறது. அந்த அவகாசத்தை நாம் மறதியில் கழிக்கிறோம்.

இந்த மறதியைப் போக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனைகளில் 1999-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்து எலும்பு முறிவுடன் வரும் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் பட்டியலிட்டு, எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு அழைத்து, தேவையானோருக்குச் சிகிச்சை தொடங்கச் செய்யும் எளிய முறை அது. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. முறிவை ஒரு பிரிவும் எலும்பின் நலத்தை வேறொரு பிரிவும் கவனிக்கும் மருத்துவமனைகளில், நோயாளி இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போவது எளிது. ஆகவே இப்பொறுப்பைக் குடும்பத்தின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. முறிவுச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், வீடு திரும்பும் நோயாளியின் அறிக்கையில் “எலும்பு ஏன் முறிந்தது?” என்னும் வினாவுக்கு விடையையும் எழுதித் தருதல் வேண்டும். எழுதித் தராவிடில் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு.

வழக்கமாக எழும் தயக்கங்கள்

“இந்த வயதில் இனி மருந்து எதற்கு?” என்பது முதல் தயக்கம். முறியும் ஆபத்து மிகுந்தவர்களுக்குத்தான் மருந்தின் பயனும் மிகுதி. எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் முதுகெலும்பு முறிவுகளை ஏறத்தாழப் பாதியளவு குறைக்கின்றன. இடுப்பு முறிவையும் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் மருந்தும் உண்டு. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் நிலையையும் வைட்டமின் டி அளவையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். வார மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். காப்பியுடன் விழுங்கினால் மருந்து உடலில் சேராது. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

“பக்கவிளைவு வரும் என்கிறார்களே?” என்பது இரண்டாவது. தாடையெலும்பு பாதிக்கப்படுவதும், நெடுநாள் பயன்பாட்டில் தொடையெலும்பில் வழக்கமல்லாத முறிவு தோன்றுவதும் உண்மையே. ஆனால் அவை அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வதும், தொடையில் புதிதாக வலி தோன்றினால் உடனே தெரிவிப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்தைத் தொடரலாமா என மறுஆய்வு செய்வதும் போதிய காவல்கள். மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவதே பெரிய ஆபத்து.

“எங்கள் ஊரில் அந்த ஸ்கேன் இல்லை” என்பது மூன்றாவது. டெக்ஸா என்னும் அடர்த்திப் பரிசோதனை பயனுடையதே. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை என 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. எனினும் சிறு வீழ்ச்சியால் இடுப்போ முதுகெலும்போ முறிந்தவருக்கு அம்முறிவே போதிய சான்றாகலாம்; ஸ்கேனுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நாட்டுக்கட்டு வைத்தியரை நாடுவோர் நம்மிடையே இன்றும் பலர். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைபட்டால் கையோ காலோ நிலையாகப் பழுதுபடும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம். விரல்கள் மரத்துப்போனாலும், நீலம்பாய்ந்தாலும், தாங்கமுடியாத வலி எழுந்தாலும் எந்தக் கட்டையும் உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இவ்விதி பொருந்தும். அதை வீட்டில் பிரிக்க முயலாமல் உடனே வந்துவிடுங்கள்.

படுக்க வைப்பது பரிவாகாது

பாசத்தால் நேரும் மற்றொரு தீங்கைச் சொல்லியாக வேண்டும். முறிவு நேர்ந்ததும் நாம் பெரியவர்களைப் படுக்கையிலேயே கிடத்திவிடுகிறோம். “நடந்தால் மறுபடியும் விழுந்துவிடுவார்” என்னும் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் பளு இல்லாத எலும்பு கரையும் என்பதை மேலே கண்டோம். அதைவிட விரைவாகத் தசை கரையும். படுத்தே கிடப்பவருக்கு நுரையீரலில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். முதுகில் படுக்கைப்புண் தோன்றும். இடுப்பு முறிந்த முதியவர்கள் பலரின் உயிரைப் பறிப்பவை இவையே.

ஆகவே இடுப்பு முறிவுக்கு, உடல்நிலை இடம் கொடுக்குமாயின், இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுந்து நிற்கச் செய்ய வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் நெறி. “இந்த வயதில் ஆபரேஷனா?” எனக் கேட்டு உறவினர்கள் கூடிப் பேசுவதில் கழியும் ஒவ்வொரு நாளும் நோயாளிக்கு இழப்பு. எண்பது வயதில் அறுவை சிகிச்சைக்கு ஆபத்து உண்டு. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து படுக்கையில் இருக்கிறது. இயன்முறை மருத்துவர் வாக்கரைத் தந்து நடக்கச் சொல்லும்போது, அருகில் நின்று துணைசெய்யுங்கள். “பாவம், விடுங்கள்” எனத் தடுக்காதீர்கள்.

ஒரே வீட்டில் மூன்று தலைமுறை

பாட்டியின் முறிவு பாட்டியோடு முடிவதில்லை. பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் முறிவு ஆபத்து கூடுதல். ஐம்பதை எட்டும் மகளுக்கு அது ஓர் அறிவிப்பு. அவர் தம் எலும்பின் நிலையை அறிந்துகொள்ள வேண்டிய காலம் அது. பதின்மூன்று வயதுப் பேத்திக்கோ, எலும்பின் கருவூலம் நிரம்பிக்கொண்டிருக்கும் பொற்காலம். பெண் பூப்பெய்தியதும் ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்திவிடும் வழக்கம், எலும்புக்குப் பளு மிகத் தேவைப்படும் ஆண்டுகளிலேயே அதை மறுத்துவிடுகிறது.

உணவைப் பொறுத்தவரை நம் அடுக்களை குறைவுடையதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, முதிர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், நூறு மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும் உள்ளன. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியன நல்ல துணைகள். பிரண்டைத் துவையலும் நல்ல உணவே. ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது.

உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் மிகுந்த நம் நாட்டிலும் அதன் குறைபாடு பரவலாக உள்ளது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைந்திருப்பது முதற்காரணம். விடியற்காலை இளவெயில் போதும் என்னும் நம்பிக்கை மற்றொரு காரணம். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்கள், சூரியன் ஓரளவு உயர்ந்த பின்னரே, முற்பகல் பத்து மணிக்கு மேலேதான் போதிய அளவில் தரையை எட்டுகின்றன. கைகளிலும் கால்களிலும் சிறிது நேரம் அவ்வெயில் படுவது நன்று. கடுங்கோடையில் முதியவர்கள் இதற்காக வெயிலில் வாட வேண்டியதில்லை; குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் மருந்தாகவே தருவார்.

வீடு திரும்பும் முன்

முறிவுச் சிகிச்சை முடிந்து புறப்படும் முன், நோயாளியோ உடனிருப்பவரோ மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து:

1. இவ்வளவு சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்ததற்குக் காரணம் என்ன? அதைக் கண்டறிய என்ன பரிசோதனைகள் வேண்டும்?

2. எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவையா? தேவையில்லை எனில் ஏன்?

3. இப்போது உண்ணும் மருந்துகளுள் எலும்பை மெலியச் செய்வனவோ, தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தந்து விழச் செய்வனவோ உண்டா?

4. எந்த நாளிலிருந்து, எவ்வளவு தூரம், எந்தத் துணையோடு நடக்கலாம்?

5. மறுபரிசோதனைக்கு எப்போது, யாரிடம் வர வேண்டும்?

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. கழிப்பறையில் கைப்பிடி பொருத்துங்கள். ஈரமான வழுவழுப்புத் தரையில் சொரசொரப்பான விரிப்பு இடுங்கள். நடக்கும் வழியில் மடிந்து கிடக்கும் கால்மிதிகளை அகற்றுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். கண்புரை இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதுமையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் முறிவுகளுள் பலவற்றைத் தடுக்க இயலும். எலும்பு உயிருள்ளது, எண்பது வயதிலும் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தேவையான உணவையும் பளுவையும் மருந்தையும் தந்தால் அது பதில் தரும். உங்கள் இல்லத்துப் பெரியவர் எவருக்கேனும் ஐம்பது வயதுக்குப் பின் சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்திருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததாயினும், அவரை ஒருமுறை எலும்பு நலப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும் அவர் உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.